ராகு காலத்தில் பதில் சொன்ன சர்வர்

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி தாண்டினால் வன்னியபெருமாள் அண்ணாச்சியின் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் சாம்பிராணிப் புகை எழும்பிவிடும். வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வந்தவர்கள் எல்லாம் கொடுத்துவிட்டு எதிர்க்கடைக்கு இட்லி தின்னப் போயிருப்பார்கள். அந்த ஓய்ந்த நேரத்தில் அண்ணாச்சி ஒரு கையில் சந்தனக் கிண்ணமும் மறு கையில் பூச்சரமுமாகக் கிளம்புவார். ரத்த அணுக்களை எண்ணும் மெஷினுக்கு ஒரு பொட்டு, சர்க்கரை பார்க்கும் மெஷினுக்கு ஒரு பொட்டு, ரத்தம் வைக்கும் ஃபிரிட்ஜுக்கு ஒரு பொட்டு. கடைசியாகச் செருப்பைக் கழற்றிவிட்டுக் குளுகுளு பின்னறைக்குள் நுழைந்து, எல்லோரும் சர்வர் என்று சொல்லும் கறுப்புப் பெட்டிக்கு மூன்று பொட்டு வைப்பார்.

“நிப்பாட்டிட்டியா தாயி?” என்று சுதாராணியைக் கேட்பார்.

“நிப்பாட்டிட்டேன் அண்ணாச்சி.”

உண்மையில் அவள் பெட்டியை நிறுத்துவதில்லை. கவுன்ட்டரில் இருக்கும் திரைகளுக்குச் சொந்த மூளை கிடையாது. யார் எந்தத் திரையில் உட்கார்ந்து தட்டினாலும் வேலை நடப்பது பின்னறைப் பெட்டிக்குள்தான். பெட்டியை அணைத்தால் ஆபீஸே இருண்டுவிடும். அதனால், வந்துபோனவர்களின் பரிசோதனை முடிவுகளையெல்லாம் வைத்திருக்கும் டேட்டாபேஸை மட்டும் நிறுத்துவாள். வாரம் ஒரு முறை அதை நிறுத்தி முழு நகல் எடுத்து வைப்பது அவளுக்கும் தேவையாகவே இருந்தது. நகல் எடுக்கக் கொஞ்ச நேரம் போதும். ஆனால் அதற்குள் மணி பத்தரை ஆகி ராகு காலம் பிறந்துவிடும். ராகு காலத்தில் எதையும் தொடங்கக் கூடாது என்பது அண்ணாச்சியின் சட்டம். ஆக, பன்னிரண்டு அடிக்கும் வரை டேட்டாபேஸ் தூங்கிக்கொண்டிருக்கும்.

இதற்காக அண்ணாச்சியை யாரும் கேலி பேசுவதில்லை. அவருடைய அப்பா தீப்பெட்டி ஆபீஸ் நடத்தியவர். ஒரு வெள்ளிக்கிழமை ராகு காலத்தில், அவசர ஆர்டர் என்று மருந்து கலக்கும் அறையைத் திறந்தார்கள். தீப்பிடித்தது. உள்ளே நின்ற ஆளைப் பாயில் சுருட்டித் தூக்கிக்கொண்டு ஓடியதைப் பள்ளிக்கூடப் பையோடு நின்று பார்த்தவர் வன்னியபெருமாள். வளர்ந்து, தீப்பெட்டியை விட்டுவிட்டு ரத்தம் பார்க்கும் தொழிலுக்கு வந்த பிறகும் அந்த ஒன்றரை மணி நேரத்தை மட்டும் அவர் விடவில்லை. சுதாராணிக்கு ராகுவிலும் கேதுவிலும் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அந்தப் பாயை நினைத்தால் எதிர்த்துப் பேச வாய் வராது.

சுதாராணிக்கு நாற்பதைத் தாண்டிய வயது. புதூர்ப் பக்கத்து ஊரில் பிறந்தவள். மழை பெய்தால் உளுந்து, பெய்யாவிட்டால் ஆட்டுக்குட்டி என்று நடந்த குடும்பம். கோவில்பட்டிக்குத் தினமும் பஸ்ஸில் வந்து கம்ப்யூட்டர் படித்தாள். கொஞ்ச நாள் பெங்களூரில் வேலை பார்த்தாள். அந்தக் கொஞ்ச நாளை அவள் மாமியார் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்: “பெங்களூர்ல இருந்தவல்லா, நம்ம வீட்டுப் புளிக்கொழம்பு எறங்குமா?” கணவன் பாண்டியராஜனுக்கு மணியாச்சி ஜங்ஷனில் ரயில்வே வேலை. கல்யாணமாகி வந்தவள், இரண்டாவது பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் அண்ணாச்சியிடம் வேலைக்குச் சேர்ந்தாள். சிலிண்டரை மூடினோமா என்று பாதித் தெரு போய்விட்டுத் திரும்பி வந்து பார்க்கிற ஜாதி அவள். வீட்டில் பின்வாசல் தாழ்ப்பாளைப் போட்ட பிறகும் ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பாள். பாண்டியராஜன் சிரிப்பான். “நீ பூட்டுன பூட்ட நீயே நம்ப மாட்டேங்குத. பெறகு என்னை எங்கன நம்பப் போற?”

அப்படிப்பட்டவள்தான் ஒரு வாசலைத் திறந்து போட்டிருந்தாள். அது வாசல் என்றே அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை கயத்தாற்றிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். வெள்ளை வேட்டி, கையில் மடித்த மஞ்சள் பை. கவுன்ட்டரில் கூட்டம் இருந்தது. அவர் கூட்டத்தைப் பார்க்கவில்லை.

“எம் மவன் ரத்தத்த ஒங்க கயத்தாறு கிளையிலதான் குடுத்தோம். ரிப்போர்ட்டு எங்க கைக்கு வருமுன்ன சம்பந்தி வீட்டுக்கு எப்பிடிவே போச்சு?”

அண்ணாச்சி அவரை உள்ளே கூட்டிப் போய் உட்கார வைத்தார். பெரியவர் தண்ணீரைக்கூடத் தொடவில்லை. மகனுக்கு நிச்சயம் வைத்திருந்தார்கள். பையனுக்குச் சின்ன வயதிலேயே சர்க்கரை, ஊசி போட்டுக்கொள்கிறான். இரண்டு நாளைக்கு முன்னால் பெண் வீட்டிலிருந்து, இப்படி இருக்காமே, இவ்வளவு இருக்காமே என்று ரிப்போர்ட்டில் இருக்கிற எண்ணையே சொல்லி நிச்சயத்தை நிறுத்திவிட்டார்கள்.

“மறைச்சது தப்புதான், இல்லங்கல. அத நாங்க சொல்லணும். நீங்க சொல்லுததுக்கு யாரு? இப்ப அவனுக்கு இனி எந்த ஊர்லய்யா பொண்ணு கேக்க? ஊரு பூராவும் தெரிஞ்சு போச்சு.” பெரியவர் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, “பொண்ணுக்கு அண்ணன் ஒங்க ஆபீசுலதான இருக்கான்? அவன விசாரிங்க” என்றார்.

அண்ணன் சுடலைக்குமார்தான். பில் போடுகிறவன், முப்பது வயது, அதிகம் பேசாதவன். ஆனால் பில் போடுகிறவனுக்கு ரிப்போர்ட் திறக்க அனுமதி கிடையாது. அவனுடைய லாகினில் பெயரும் எந்தப் பரிசோதனை என்பதும் தொகையும்தான் தெரியும், முடிவு தெரியாது. அண்ணாச்சி சுதாராணியைக் கூப்பிட்டு, அந்த ரிப்போர்ட்டை யார் திறந்தது என்று பார்க்கச் சொன்னார். அவள் பார்த்தாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் திறக்கப்பட்டிருந்தது. திறந்தது வள்ளிமயிலின் லாகின்.

வள்ளிமயில் ரிப்போர்ட் அச்சடித்துக் கொடுக்கிற பெண். கணவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். இலுப்பையூரணியில் மாமியாரோடு குடியிருந்தாள். மத்தியானச் சாப்பாட்டு மேசையில் அவளும் சுடலைக்குமாரும் எதிரெதிரே உட்காருவார்கள்; வேறு இடம் கிடையாது. அவள் கொண்டுவரும் கருவாட்டுக் குழம்பில் அவனுக்கு ஒரு கரண்டி போகும். அவன் கொண்டுவரும் மாங்காய் ஊறுகாயில் அவளுக்கு ஒரு துண்டு வரும். இத்தனை நாளும் அது வெறும் குழம்பாகவும் ஊறுகாயாகவும்தான் இருந்தது. அந்தத் திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் வேறு ஏதோவாகிவிட்டது.

“நீ பாத்துச் சொன்னியா, இல்ல பாஸ்வேர்ட அவன்ட்ட குடுத்தியா? ஒண்ணச் சொல்லு தாயி” என்றார் அண்ணாச்சி.

“நான் பாக்கவும் இல்ல, குடுக்கவும் இல்ல அண்ணாச்சி.”

“பேரு உம் பேருல்லா நிக்கி?”

அவள் திரும்பிச் சுடலைக்குமாரைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். ஃபோனில் யாரோ தன் அம்மாவுக்குச் சொன்னார்கள், யாரென்று தெரியாது என்று மட்டும் சொன்னான். அவன் தலை குனிந்து நின்றதை எல்லோரும் தங்களுக்குத் தோன்றியபடி அர்த்தப்படுத்திக்கொண்டார்கள். அண்ணாச்சி வள்ளிமயிலிடம், விசாரித்து முடிக்கும்வரை வீட்டில் இரு என்றார். சுடலைக்குமாரிடமும் அதையேதான் சொன்னார், ஆனால் மாதக் கடைசி பில் வேலை இருந்ததால் அவன் வந்துகொண்டிருந்தான். பெண்பிள்ளைதான் வீட்டுக்குப் போனாள்.

புதன்கிழமை சாயங்காலம் சுதாராணி ஸ்கூட்டியை இலுப்பையூரணிக்கு விட்டாள். வீட்டுக்கு வெளியிலேயே வள்ளிமயில் அவளை மறித்தாள். வாய்மேல் விரல் வைத்தாள்.

“அக்கா, அத்தைகிட்ட ஆபீசுல பெயிண்ட் அடிக்காங்க, அதான் லீவுன்னு சொல்லி வச்சிருக்கேன். நீங்க வாயத் தொறந்துராதீங்க.”

“எத்தன நாளைக்கிட்டி பெயிண்ட் அடிப்பாங்க?”

“அதான் தெரியல. நேத்தே அத்த கேட்டுட்டாவ, அது என்ன ஆபீசா அரமணையான்னு.” சிரிக்கப் போனவள் அழுதுவிட்டாள். “கோயில் கொடைக்கு அவிய திருப்பூர்லேருந்து வந்துருவாவக்கா. வேல போனா போவட்டும். இந்தப் பேச்சு அவிய காதுல விழுந்தா நான் எந்த மூஞ்சியோட நிப்பேன்? சாப்பாட்டு மேசையில ஒக்காந்தது குத்தமாக்கா?”

சுதாராணிக்குத் தேற்றத் தெரியாது. கேள்வி கேட்கத் தெரியும்.

“பாஸ்வேர்ட எங்கயும் எழுதி வச்சியா?”

“இல்ல.”

“ஒம் பின்னால நின்னு யாரும் பாத்தாவளா?”

“எம் பின்னால செவருல்லாக்கா இருக்கு.”

“அந்த வெள்ளிக்கெழம என்ன நடந்துச்சுன்னு காலையிலேருந்து சொல்லு.”

வள்ளிமயில் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். காலைக் கூட்டம், சாம்பிராணி, பூ. பசுவந்தனையிலிருந்து வந்த ஒரு அம்மாள், பஸ் போய்விடும், ரிப்போர்ட் தா என்று நின்றது. “நீங்க பன்னெண்டு வரைக்கும் தொடாதம்பீங்க. நான் நடுவுல நடுவுல தட்டிப் பாப்பேன்க்கா, கோவிச்சுக்காதீங்க. அன்னைக்கும் தட்டினேன். பாஸ்வேர்டு தப்புன்னு வந்துச்சு. திரும்பப் போட்டேன், திரும்பத் தப்புன்னுச்சு. சரி, ராகு காலத்துல அப்பிடித்தான் சொல்லும்போலன்னு விட்டுட்டேன். பன்னெண்டுக்கு அதே பாஸ்வேர்டுதான், சமத்தா தொறந்துச்சு.”

சுதாராணி கைப்பையைத் தோளிலிருந்து இறக்கினாள். “தப்புன்னா வந்துச்சு? சர்வர் இல்லன்னு வரல?”

“எப்பவும் இல்லன்னுதான் வரும். அன்னைக்கித்தான் தப்புன்னுச்சு. ஏன்க்கா, ரெண்டும் ஒண்ணுதான?”

“ஒண்ணு இல்லட்டி” என்றாள் சுதாராணி. “வீட்ல ஆளே இல்லன்னா, ‘நீ யாரு, ஒன்னத் தெரியாது’ன்னு உள்ளேருந்து எப்பிடிச் சத்தம் வரும்?”

வள்ளிமயில் முழித்தாள். “அப்ப யாரோ உள்ள இருந்துருக்காவ.”

“ஆமா.”

சுதாராணி வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினாள். கதிரேசன் கோயில் மலை வெயிலில் சிவந்து நின்றது. அவள் எதையும் பார்க்கவில்லை. பெட்டிக்குள் ‘டெம்ப்’ என்று ஒரு பொது இடம் உண்டு. பெட்டியில் கணக்கு உள்ள யாரும் அங்கே எதையும் வைக்கலாம். டேட்டாபேஸ் ஓடும்போது, அங்கேதான் ஒரு சின்ன ஃபைலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கவுன்ட்டர் திரைகளில் ஓடும் புரோகிராம் அந்த இடத்தில் வந்துதான் தட்டும். பாஸ்வேர்டை அங்கேதான் கொடுக்கும். டேட்டாபேஸை நிறுத்தினால் அந்த ஃபைலும் மறைந்துவிடும். இடம் காலி.

புதூர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட் பிடிப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள் அவள். இருந்தவர் டீ குடிக்க இறங்கினால், எழுந்த சீட்டில் எவர் துண்டு விழுகிறதோ அவர் சீட். இங்கேயும் அதேதான். ராகு காலம் முழுக்க சீட் காலி. அதுவும் எப்போது காலியாகும், எப்போது நிரம்பும் என்று சுவரில் தொங்குகிற தினசரி நாள்காட்டியிலேயே அச்சடித்திருக்கிறது. அதே பெயரில் ஒரு போலி ஃபைலை வைத்து, வருகிறவர்களிடம் பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு, தப்பு என்று சொல்லி அனுப்ப ஒரு சின்னப் புரோகிராம் போதும். பன்னிரண்டுக்கு முன்னால் துண்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டால் ஒரு தடமும் இருக்காது. புரோகிராமுக்கு இடம்தான் தெரியும். இருக்கிற ஆளைத் தெரியாது.

இப்படி ஒரு ஓட்டை உண்டு என்று பெங்களூரில் இருந்தபோதே அவள் கேள்விப்பட்டதுதான். வெளியூர்க்காரன் நெட் வழியாக வருவான் என்று அந்தப் பக்கம் அத்தனை பூட்டையும் போட்டாள். உள்ளே இருக்கிற நாலு பேரைப் பற்றி அவள் நினைக்கவில்லை. கூடச் சாப்பிடுகிறவர்களைப் பற்றி யார் நினைப்பார்கள்?

இரவுச் சாப்பாட்டுக்குத் தோசை ஊற்றிக்கொண்டே பாண்டியராஜனிடம் சொன்னாள். அவன் பாதி கேட்டான். மீதியை, தன்னுடைய ஜங்ஷன் பக்கத்து கேட் கீப்பர் மேலிருந்த எரிச்சலில் கரைத்தான்.

“புதுப்பயல். ஸ்டேஷன் மாஸ்டர் குரலுதான, நமக்குத் தெரியாதாங்கான். குரல வச்சா கேட்ட மூடுவாவ? இவன் பிரைவேட் நம்பர்னு ஒரு ரகசிய நம்பர் குடுக்கணும், அந்தப் பக்கத்துலேருந்தும் ஒரு நம்பர் வரணும். ரெண்டு பேரும் எழுதிக்கிடணும். சும்மாவா வச்சிருக்கான் ரயில்வேக்காரன்?”

“அந்தப் பக்கத்துலேருந்தும் வரணும்” என்று சுதாராணி திருப்பிச் சொன்னாள்.

“ஆமா. ஏன்?”

“நாங்க இந்தப் பக்க நம்பர மட்டும் வாங்கிட்டு இருந்தோம்.”

“தோச கருகுது” என்றான் அவன்.

வழி தெரிந்துவிட்டது. அடைத்துவிடுவது ஒரு மணி நேர வேலை. ஒருவருக்கும் சொல்லாமல் அடைத்துவிட்டால் அவளுக்கும் ஒரு பேச்சு வராது. அன்றிரவும் மறுநாளும் அந்த நினைப்பு சுதாராணியின் கூடவே நடந்தது. சர்வர் அவள் பொறுப்பு. ஓட்டை அவளுடையது. அண்ணாச்சி படக்கென்று கோபப்படுகிறவர். ஒரு மெஷின்காரனை ஒரே ஒரு தப்புக்காக வெளியேற்றியதை அவள் பார்த்திருக்கிறாள். மூத்த மகள் காலேஜில் சேரும் வருஷம் இது. ஆனால் ஓட்டையைச் சத்தமில்லாமல் அடைத்தால் வள்ளிமயிலின் பெயர் அந்த ரிப்போர்ட்டின் மேல் அப்படியே நிற்கும். பெயிண்ட் காய்வதற்கு ஒரு அளவு இருக்கிறதல்லவா.

வெள்ளிக்கிழமை வந்தது. சாம்பிராணி, சந்தனம், பூ. ராகு காலம் பிறந்ததும் சுதாராணி அண்ணாச்சியின் அறைக்குப் போனாள்.

“அண்ணாச்சி, ஒரு விஷயம் காட்டணும். சுடலையும் இருக்கட்டும்.”

“ராகு காலத்துலயா?”

“ராகு காலத்துலதான் காட்ட முடியும்.”

சுடலைக்குமார் பில் கட்டோடு வந்து கதவோரம் நின்றான். சுதாராணி ஒரு ஓரத்துத் திரையில், எல்லோருக்கும் கொடுத்திருக்கிற சாதாரணக் கணக்கில் நுழைந்து ஏதோ தட்டினாள். பிறகு அண்ணாச்சியின் பக்கம் திரும்பினாள்.

“இப்ப நீங்க ஒங்க திரையில பாஸ்வேர்டு போட்டு உள்ள போங்க.”

“நிப்பாட்டித்தான வச்சிருக்க?”

“போடுங்க அண்ணாச்சி.”

அவர் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினார். பாஸ்வேர்டு தப்பு என்று வந்தது. “சரியாத்தான போட்டேன்” என்று கண்ணாடியை ஏற்றிவிட்டு மறுபடி குத்தினார். மறுபடியும் தப்பு.

சுதாராணி தன் திரையை அவர் பக்கம் திருப்பினாள். அதில் இரண்டு வரி இருந்தது. இரண்டிலும் ஒரே சொல்: வெள்ளை ஒட்டகம், இங்கிலீஷ் எழுத்தில். அண்ணாச்சியின் அப்பா தயாரித்த தீப்பெட்டியின் லேபிள்.

அண்ணாச்சி திரைப்பக்கம் குனிந்தார். யாரிடமும் சொல்லாத சொல் அது. இன்னொருத்தர் திரையில் அதைப் பார்த்ததும், சட்டையில்லாமல் தெருவில் நின்றவர் போல நெஞ்சுக்குக் குறுக்கே கையைக் கொண்டுபோனார்.

“எப்பிடி?” என்றார்.

அவள் சொன்னாள். பஸ், சீட், துண்டு என்று சொன்னதும் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. “இத நான் எப்பவோ அடைச்சிருக்கணும் அண்ணாச்சி. அடைக்கல. அது எம் பெசகு. ஆனா வள்ளிமயில் யார்ட்டயும் எதையும் குடுக்கல. சர்வருன்னு நம்பிப் போட்டா. நீங்க இப்ப போட்ட மாதிரி.”

“போட்டது யாருன்னு தெரியுமா?”

“நான் யார் பேரையும் சொல்லல. இதுல பேரு நிக்காது.”

அண்ணாச்சி கதவுப் பக்கம் பார்த்தார். பில் கட்டு மேசைமேல் இருந்தது. சுடலைக்குமார் சுவரோடு சாய்ந்து கீழே உட்கார்ந்திருந்தான்.

“நான்தான் அண்ணாச்சி.”

அவன் அக்கா பூங்கொடியைக் கட்டிக்கொடுத்தபோது, மாப்பிள்ளைக்குக் கிட்னி பழுது என்பதை மறைத்துவிட்டார்கள். போனவள் கைப்பிள்ளையோடும் வெறும் நெற்றியோடும் திரும்பி வந்தாள். இன்றைக்கும் அவன் வீட்டில்தான் இருக்கிறாள். தங்கச்சிக்குப் பார்த்த மாப்பிள்ளையின் பெயர் கயத்தாற்று பில்லில் வந்ததும் அவனுக்குத் தூக்கம் போய்விட்டது. எந்தப் பரிசோதனை என்று பில்லில் தெரிந்தது. எவ்வளவு என்று தெரியவில்லை. “சும்மா பாத்துட்டு விட்டுருவோம்னுதான் அண்ணாச்சி நெனச்சேன். நெட்லேருந்து ஒரு புரோகிராம எடுத்து மாத்திப் போட்டேன். மொதல்ல வந்து விழுந்தது வள்ளிமயில் பாஸ்வேர்டு. வேற யாருதாவது விழுந்திருக்கக் கூடாதான்னு அப்பலேருந்து நெனச்சுட்டு இருக்கேன்.”

“யாருது விழுந்தா என்ன?” என்றாள் சுதாராணி. அவள் குரல் உயரவில்லை. “தங்கச்சிக்காகப் பாத்த. அது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் பிள்ள ஒம் மூஞ்சியப் பாத்தப்ப நீ தரையப் பாத்தியே சுடல. பெட்டியில ஓட்டைய வச்சது நான். அத நான் ஒத்துக்கிடுதேன். ஆனா அவ பேருல ஓட்டையப் போட்டது நீதான்.”

அவன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். அண்ணாச்சிக்கு வழக்கமாக வருகிற கோபம் ஏனோ அன்று வரவில்லை. தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அவனுக்குக் கொடுத்தார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்பதையும் சொன்னார். கயத்தாற்றுப் பெரியவர் வீட்டுக்குத் தானே கூட்டிப் போவதாகவும், அங்கே அவன் வாயால் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். பிறகு சுதாராணியிடம், “நீ எம் பெசகுன்னு சொன்னியே, அத நான் கேக்கலன்னு நெனைக்காத” என்றார். “கேட்டுட்டேன். மனசுல இருக்கு.” அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை. அடுத்த தீபாவளி வரை எப்போது வேண்டுமானாலும் எடுப்பார் என்று சுதாராணிக்குத் தெரியும்.

பன்னிரண்டு அடித்ததும் அவரே காரை எடுத்தார். சுதாராணி பின்னால் உட்கார்ந்தாள். இலுப்பையூரணித் தெருவில் கார் நின்றதும் முதலில் வெளியே வந்தது வள்ளிமயிலின் மாமியார் சொர்ணத்தாய். அண்ணாச்சியை அடையாளம் தெரிந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

“வாங்க அண்ணாச்சி. என்ன, பெயிண்டு காஞ்சிருச்சா?”

அண்ணாச்சி திரும்பிச் சுதாராணியைப் பார்த்தார். சுதாராணி வேப்பமரத்தைப் பார்த்தாள். உள்ளே வாசற்படியில் வள்ளிமயில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“காஞ்சிருச்சும்மா” என்றார் அண்ணாச்சி. “பிள்ள இல்லாம ஒரு வேல ஓடல. அதான் கூட்டிட்டுப் போலாம்னு நானே வந்தேன்.”

“மொதலாளி கார்ல வந்து கூப்புடுத அளவுக்கா இவ வேல பாக்கா?” சொர்ணத்தாய்க்கு நம்ப முடியவில்லை. “வீட்ல ஒரு டம்ளர எடுத்து வைக்க மாட்டா.”

காரில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் வள்ளிமயில் பேசினாள். “அண்ணாச்சி, எங்க அத்தைகிட்டச் சொல்லாதது நல்லதாப் போச்சு. ஆனா ஆபீசுல சொல்லணும். எல்லாரும் இருக்கும்போது சொல்லணும். அன்னைக்கி எல்லாரும் இருக்கும்போதுதான் என்னைய அனுப்பினீங்க.”

அண்ணாச்சி ஸ்டியரிங்கைப் பார்த்தபடி தலையாட்டினார். அன்று சாயங்காலம், ரத்தம் கொடுக்க வந்தவர்களும் நிற்கையில், கவுன்ட்டருக்கு முன்னால் வந்து சொன்னார். அவருக்குப் பேச்சு அவ்வளவாக வராது. வள்ளிமயில் மேல் ஒரு தப்பும் இல்லை, அவசரப்பட்டது நான்தான் என்பதை மட்டும் இரண்டு முறை சொன்னார். விஷயம் தெரியாத ஒரு நோயாளி கைதட்டினார்.

சனிக்கிழமை சுதாராணி வேலையை முடித்தாள். டேட்டாபேஸ் உட்காரும் இடத்தைப் பொது இடத்திலிருந்து எடுத்து, டேட்டாபேஸின் சொந்தக் கணக்கைத் தவிர வேறு யாரும் எதையும் வைக்க முடியாத ஒரு தனி ஃபோல்டருக்கு மாற்றினாள். பழைய இடத்தை அப்படியே விடவில்லை. பழைய பழக்கத்தில் அங்கே போய்த் தட்டுகிற புரோகிராம் இருந்தாலும் இருக்கும். அதனால் புது இடத்தைக் கைகாட்டுகிற ஒரு இணைப்பை அங்கே போட்டு வைத்தாள்; டேட்டாபேஸ் தூங்கினாலும் அது அங்கேயே கிடக்கும். இனி அந்தச் சீட்டில் வேறு துண்டு விழாது. பொது இடத்தை அவ்வப்போது பெருக்கித் துடைக்கிற வேலை பெட்டியிலேயே தானாக நடக்கும். அது இந்த இணைப்பைக் குப்பையென்று அள்ளிவிடாதபடிக்கும் எழுதி வைத்தாள். கடைசியாக, ஒவ்வொரு திரையின் புரோகிராமுக்கும், எதிரில் உட்கார்ந்திருப்பது டேட்டாபேஸின் சொந்தக் கணக்குதானா என்று பார்த்துவிட்டு அப்புறம் பாஸ்வேர்டைக் கொடு என்று சொல்லிக்கொடுத்தாள். அந்தப் பக்கத்து நம்பர். முடித்துவிட்டு, பழைய வழக்கப்படி, தானே ஒரு போலியை அங்கே உட்கார வைக்கப் பார்த்தாள். முடியவில்லை. இன்னொரு முறையும் இழுத்துப் பார்த்தாள்.

அண்ணாச்சியிடம் ராகு காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டாள். நகல் எடுத்ததும் பத்தரைக்கு முன்னாலேயே எழுப்பிவிடலாமே என்றாள். அவர் யோசித்தார். “அடைச்சாச்சுன்னு சொன்னியே?”

“அடைச்சாச்சு.”

“அப்ப பன்னெண்டு வரைக்கும் தூங்கட்டும். எங்கப்பா காலத்துலேருந்து தூங்குது.”

கயத்தாற்றுக்கு அண்ணாச்சியும் சுடலைக்குமாரும் போய் வந்தார்கள். பெரியவர் வாசலில் நிற்க வைத்தே கேட்டாராம். கடைசியில் தண்ணீர் கொடுத்தாராம். நிச்சயம் நின்றது நின்றதுதான். சுடலைக்குமார் சாத்தூரில் ஒரு கடையில் கணக்கு எழுதப் போவதாகச் சொன்னார்கள். மத்தியான மேசையில் அவன் இடத்தில் யாரும் உட்காரவில்லை; வள்ளிமயில் தன் தூக்குவாளியை அங்கே வைக்கத் தொடங்கினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை. சாம்பிராணிப் புகை இன்னும் முழுசாகக் கலையவில்லை. பின்னறையில் நகல் ஓடிக்கொண்டிருக்க, சுதாராணி கவுன்ட்டர் பக்கம் காதை வைத்திருந்தாள். சாவிப் பலகை தட்டும் சத்தம் கேட்டது.

“ஏட்டி வள்ளி, பன்னெண்டு வரைக்கும் தொடாதன்னு எத்தன தடவ சொல்லுதது?”

“சும்மா தட்டிப் பாத்தேன்க்கா.”

“என்ன வருது?”

சுதாராணி நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள்.

“சர்வர் இல்லங்குதுக்கா” என்று சிரித்துக்கொண்டே கத்தினாள் வள்ளிமயில்.